ஆடாத தலை

எங்கள் கட்டடத்து லிஃப்ட்காரரிடம் பேர்போன சமாச்சாரங்கள் இரண்டு. ஒன்று அவருடைய வாய், இன்னொன்று தலை. வாய் ஒரு நொடி சும்மா இருக்காது. தலையோ, ஆடாதே என்று சொல்லிவிட்டால் ஒரு மணி நேரமானாலும் ஆடாது. இந்த இரண்டையும் வைத்து ஆறு வருடம் வேலை பார்த்தோம். கடைசியில் அந்த வாய் போய்விட்டது. அது போனதில் எனக்கும் பங்கு உண்டு. "உன் மேல தப்பு இல்லை" என்று யாராவது ஆறுதல் சொல்ல வந்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். அப்படிச் சொல்கிறவர்கள் யாரும் என் நாற்காலியில் உட்கார்ந்து அந்தப் படங்களைப் பார்த்ததில்லை.

நான் ஸ்கேன் எடுப்பவள். ஆஸ்பத்திரியில் இல்லை, மூளை எப்படி வேலை செய்கிறது என்று ஆராய்கிற நிலையத்தில். நோயாளிகள் எங்களிடம் வருவதில்லை. நன்றாக இருக்கிறவர்களைத்தான் கூப்பிடுவோம். அடித்தளத்தில் இருக்கும் பெரிய காந்தக் குழாய்க்குள் அவர்களைப் படுக்கவைத்து, "க-வுல ஆரம்பிக்கிற வார்த்தையா மனசுக்குள்ள நினைச்சுக்கிட்டே இருங்க" என்போம். அப்படி நினைக்கும்போது மூளையில் எந்த இடத்துக்கு ரத்தம் கூடுதலாகப் போகிறதோ, அந்த இடம் திரையில் சிவப்பாகத் தெரியும். வார்த்தை தேடுகிற இடம், முகத்தை அடையாளம் காண்கிற இடம், பயப்படுகிற இடம் என்று ஐந்தாவது மாடியில் பேராசிரியர் கட்டுரை எழுதுவார். கீழே படம் எடுத்துக் கொடுப்பது என் வேலை.

இந்த வேலைக்கு ஒரே சத்துரு, தலை ஆடுவதுதான். ஓர் அரிசி அளவு அசைந்தால்கூடப் படம் பாழ். மனிதன் என்றால் அசையத்தானே செய்வான்? மூக்கு அரிக்கும், எச்சில் விழுங்குவான், மெஷின் தடதடவென்று அடிக்கிற சத்தத்தில் திடுக்கிடுவான். அதிகம் படித்தவர்கள்தான் இதில் மோசம். தலையைத் திருப்பித் திருப்பி வேடிக்கை பார்த்துவிட்டு, "நான் அசையவே இல்லையே" என்று வெளியே வந்து சண்டை பிடிப்பார்கள்.

ஒரு நாள் காலையில் வருவதாகச் சொன்ன ஆள் வரவில்லை. பேராசிரியர் மேலேயிருந்து போனில் கத்திக்கொண்டிருந்தார். நான் உம்மென்று லிஃப்டில் ஏறினேன்.

"என்னம்மா, மூஞ்சி மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கு?" என்றார் லிஃப்ட்காரர்.

"படுக்கறதுக்கு ஆள் வரலைண்ணே."

"படுக்கறதுக்கா ஆள் கெடைக்கல? ஆச்சரியமா இருக்கே!"

விஷயத்தைச் சொன்னேன். குறுகலான குழாய், உள்ளே போய் ஒரு மணி நேரம் அசையாமல் கிடக்க வேண்டும் என்றேன். அவர் சிரித்தார். "பெட்டிக்குள்ள அடைஞ்சு கெடக்கணும், அவ்வளவுதானே? இருபத்திரெண்டு வருஷமா அதுக்குத்தானே எனக்குச் சம்பளம் தர்றாங்க."

பகல் உணவு இடைவேளையில் இறங்கி வந்தார். சாவிக்கொத்து, பெல்ட், சட்டைப் பையிலிருந்த சின்ன ஸ்குரூடிரைவர் எல்லாவற்றையும் கழற்றி வாங்கிவைத்தேன். காதுக்குப் பஞ்சு கொடுத்தேன். தலையைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் கூண்டு மாட்டுவோம், மூளையிலிருந்து வருகிற சமிக்ஞையை வாங்குகிற கம்பிகள் அதற்குள்தான் இருக்கின்றன. அதையும் மாட்டி உள்ளே தள்ளினேன். என் திரையில் அசைவைக் காட்டுகிற கோடு ஒன்று உண்டு. மற்றவர்களுக்கு அது மேலும் கீழும் துள்ளும். அன்றைக்கு அது நேராகப் போய்க்கொண்டே இருந்தது. மெஷின் நின்றுவிட்டதோ என்று எழுந்துபோய்க் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். உள்ளே கால்கள் இரண்டும் அப்படியே கிடந்தன.

வெளியே வந்ததும், "எப்படிண்ணே?" என்று கேட்டேன்.

"நாங்க ஆறு பிள்ளைங்கம்மா. ஒரே ரூம், ஒரே படுக்கை. நான் நடுவுல. நான் ஒரு தடவை புரண்டா அஞ்சு பேரும் எழுந்துக்குவாங்க, அப்பா கையில விளக்குமாறை எடுத்துடுவாரு. அப்ப கத்துக்கிட்டது. ராத்திரி முழுக்க ஆடாம, பேசாம கெடந்ததுக்குச் சேத்துவெச்சுத்தான் பகல்ல பேசித் தீக்கறேன்."

அன்றிலிருந்து மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை அவருடையது. மெஷின் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத் தினமும் காலையில் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் உருண்டை ஒன்றை உள்ளே வைத்துப் படம் எடுப்போம். தண்ணிக் குண்டு என்று பெயர். "எங்ககிட்ட ரெண்டு குண்டு இருக்கு. ஒண்ணு தண்ணிக் குண்டு, இன்னொண்ணு லிஃப்ட் அண்ணன்" என்று நாங்கள் கேலி செய்வோம். புதிதாக எந்தச் சோதனையை ஆரம்பித்தாலும் முதலில் அவர் தலையில்தான் பார்ப்போம். அவர் படம் சரியாக வந்தால் மெஷின் சரி. எழுதாத சட்டமாகவே அது ஆகிவிட்டது.

அவர் மூளையில் வார்த்தை தேடுகிற இடம், இடது நெற்றிப்பொட்டுக்குக் கொஞ்சம் பின்னால், தகதகவென்று சிவக்கும். அந்தப் படத்தைப் பேராசிரியர் ஒவ்வொரு வகுப்பிலும் போட்டுக் காட்டினார். ஒரு பிரதியை லிஃப்ட்காரர் வாங்கிக்கொண்டுபோய் லிஃப்டுக்குள் பொத்தான்களுக்கு மேலே ஒட்டிவைத்தார். ஏறுகிறவர்களிடமெல்லாம், "பாத்தீங்களா, என் மண்டை. உள்ள சரக்கு இருக்கு, சும்மா இல்ல" என்பார். நேர்முகத் தேர்வுக்குப் போகும் மாணவர்கள் வெளிறிப்போய் ஏறினால், "ஏத்திவிடறது என் வேலைப்பா. எறக்கிவிடறதை மேல இருக்கவங்க பாத்துப்பாங்க" என்பார். அழுதுகொண்டு ஏறுகிறவர்கள்கூட ஐந்தாவது மாடி வருவதற்குள் சிரித்துவிடுவார்கள். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் மனைவி மட்டும். இந்தக் கட்டடத்துப் பேச்சுத்தான் அவருக்குப் பிழைப்பு, பொழுதுபோக்கு எல்லாம்.

என்னை டாக்டரம்மா என்று கூப்பிடுவார். "நான் டாக்டர் இல்லண்ணே, படம் எடுக்கறவ" என்று ஆரம்பத்தில் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன். "டாக்டருங்க கையைத்தான் புடிச்சுப் பாப்பாங்க. நீங்க மண்டைக்குள்ளயே பாக்கறீங்க. நீங்கதான் பெரிய டாக்டர்" என்று அடித்துப் பேசுவார். பிறகு நான் திருத்துவதை விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால், அப்படிக் கூப்பிடுவது எனக்குப் பிடித்திருந்தது. வீட்டில் யாரும் என்னை அப்படி ஒன்றும் தூக்கிவைத்துக் கொண்டாடுவதில்லை.

முதல் நாளே படிவத்தில் கையெழுத்து வாங்கியிருந்தோம். அதில் மூன்றாவது பக்கத்தில் எழுதியிருக்கும், இது மருத்துவப் பரிசோதனை அல்ல, இங்கே எடுக்கும் படங்களை மருத்துவர் யாரும் பார்க்க மாட்டார் என்று. லிஃப்டுக்குள் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு அவர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். நானும் படித்துக் காட்டவில்லை. இரண்டாவது மாடியில் யாரோ மணி அடித்துக்கொண்டிருந்தார்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வழக்கமாக ஒவ்வொருவருக்கும் இரண்டு விதமான படம் எடுக்க வேண்டும். ஒன்று, சிவப்பு காட்டுகிற படம். அது மங்கலாகத்தான் இருக்கும். மற்றது தலைக்குள் இருப்பதையெல்லாம் துல்லியமாகக் காட்டும் முழுப் படம். அதற்கு ஒன்பது நிமிடம் ஆகும். லிஃப்ட்காரருக்கு முழுப் படத்தை முதல் வருடமே எடுத்துவிட்டோம். பிறகு ஒவ்வொரு மாதமும் மங்கல் படத்தை மட்டும் எடுத்து அந்தப் பழைய படத்தின் மேலேயே ஒட்டிக்கொண்டோம். மாதா மாதம் தலை மாறவா போகிறது? ஒன்பது நிமிடம் மிச்சம் பிடித்தோம். இந்த யோசனை என்னுடையது. கெட்டிக்காரி என்று பேராசிரியரே சொன்னார்.

ஏழாவது வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை. அவருடைய படத்தில் சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தீற்றல். ஈரத் துணியால் கண்ணாடியைத் துடைத்தால் விழுமே, அந்த மாதிரி. சிவப்பும் கொஞ்சம் குறைச்சல். அசைவுக் கோட்டைப் பார்த்தேன், வழக்கம்போல நேர்கோடு. எனக்கு ஆத்திரம் வந்தது. மெஷின் மேல்தான். போன வருடம்தான் தலைக்கூண்டை மாற்றினோம், அதற்குள் கோளாறா என்று பல்லைக் கடித்துக்கொண்டு கம்பெனிக்குப் போன் போட்டேன். பதிவேட்டில் எழுதினேன்: "தலைக்கூண்டில் கோளாறு. இடப்பக்கம் மங்கல். ஆள் அசையவில்லை."

மறுநாள் காலை எட்டரைக்கெல்லாம் கம்பெனி இன்ஜினீயர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். தண்ணிக் குண்டை வைத்து இரண்டு தடவை பார்த்தார்.

"குண்டு சுத்தமா இருக்கே மேடம். ஒரு குறையும் இல்ல."

"குண்டு பத்து நிமிஷம்தான் உள்ள இருக்கு. கூண்டு சூடானாத்தான் கோளாறு காட்டுது போல."

"அப்ப படுத்தவரு அசைஞ்சிருப்பாரு."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. "யாரு, எங்க லிஃப்ட் அண்ணனா? உங்க மெஷின் பொய் சொல்லும் சார். அவர் தலை பொய் சொல்லாது."

"வேற யார் படத்துலயாவது இது தெரியுதா?"

தெரிகிறது என்றேன். முந்தைய வாரத்துப் படங்களைப் போட்டுக் காட்டினேன். அவர்கள் எல்லாம் ஆடித் தீர்த்தவர்கள். ஆடியவன் படத்தில் தீற்றல் தேடினால் எங்கே பார்த்தாலும் தீற்றல்தான். தேடினேன், கிடைத்தது. இன்ஜினீயர் தோளைக் குலுக்கிவிட்டுப் புதுக் கூண்டுக்கு எழுதிக் கொடுத்தார்.

தண்ணிக் குண்டு உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. மெஷின் நன்றாக இருக்கிறது என்றால் தலையில்தான் ஏதோ இருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூட இதைச் சட்டென்று சொல்லிவிடும். எனக்குத் தோன்றவில்லை. அந்தத் தலையைத்தான் நாங்கள் அளவுகோலாக வைத்திருந்தோமே! அளவுகோலை யாராவது அளந்து பார்ப்பார்களா?

அடுத்த மாதம் புதுக் கூண்டு. தீற்றல் அதே இடத்தில், இன்னும் கொஞ்சம் பெரிதாக. இப்போது கேபிள் என்றோம். இன்ஜினீயர் மறுபடியும் மறுநாளே வந்தார், கேபிளை மாற்றினார். பேராசிரியர் படங்களை மேலே வாங்கிப் பார்த்துவிட்டு, "இந்த மெஷினை வெச்சுக்கிட்டு எப்படிம்மா கட்டுரை எழுதறது?" என்று என்னிடம் எரிந்து விழுந்தார். அவருக்கும் தோன்றவில்லை. மூளையைப் பற்றி நூறு கட்டுரை எழுதியவர் அவர்.

இதற்கு நடுவில் லிஃப்டில் பேச்சு குறைந்துகொண்டு வந்தது. சட்டென்று இல்லை, கொஞ்சம் கொஞ்சமாக. நூலகம் எந்த மாடி என்று ஒரு பெண் கேட்டாள். "அது... புத்தகக் கடை... மேல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், புது ஜோக் என்று. மூன்று என்று சொல்லிவிட்டு ஐந்தை அழுத்தினார். ஒரு நாள் என்னை "வாங்க டீச்சரம்மா" என்றார்.

"டாக்டரம்மாவை டீச்சரம்மா ஆக்கிட்டீங்களேண்ணே, பதவியை எறக்கிட்டீங்களா?" என்றேன்.

அவர் சிரித்தார். ஆனால் கொஞ்சம் தாமதித்துச் சிரித்தார். அப்புறம் பொத்தான்களைப் பார்த்தபடி சும்மா நின்றார். எனக்கு அது ஒரு மாதிரியாக இருந்தது. தூக்கம் போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு என் வேலையைப் பார்க்கப் போனேன்.

அவர் மனைவி நாலு தெரு தள்ளி ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறாள். என் வெள்ளைக் கோட்டையும் ஸ்கேன் அறைப் படுக்கை விரிப்புகளையும் அங்கேதான் கொடுப்போம். புதுக் கேபிள் போட்ட வாரம் நான் துணி வாங்கப் போனபோது அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்திவைத்துவிட்டு என்னிடம் வந்தாள். முன்கை முழுக்கப் பழைய சூட்டுத் தழும்புகள்.

"ஏம்மா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். காலையில எழுந்தா தலைவலி, தலைவலிங்கறாரு. சாப்பாட்டுத் தட்டைக் கேக்க வாய் வராம கையைக் காட்டறாரு. டாக்டர்கிட்ட போலாம்னா கோவிச்சுக்கறாரு. 'என் தலையை மாசா மாசம் டாக்டரம்மா பாக்குது, உனக்கென்ன தெரியும்'ங்கறாரு. ஒண்ணும் இல்லையேம்மா?"

என்ன பதில் சொன்னேன் என்று எனக்கு ஒரு எழுத்து விடாமல் ஞாபகம் இருக்கிறது. "ஒண்ணும் இருக்காதுக்கா. வெயிலு வேற, நாள் முழுக்க நிக்கறாரு. ரெண்டு நாள் லீவு போட்டுத் தூங்கச் சொல்லுங்க" என்றேன். பார்க்கிறேன் என்றால் என்ன பார்க்கிறேன் என்று அவளுக்கு விளக்கியிருக்க வேண்டும். நான் டாக்டர் இல்லை, எங்கள் படத்தை டாக்டர் யாரும் பார்ப்பதில்லை, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று மூன்று வாக்கியம். எனக்குப் பதினொரு மணிக்கு ஆள் வரவேண்டியிருந்தது. துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவள் முகம் தெளிந்ததைப் பார்த்துவிட்டுத்தான் ஓடினேன்.

மூன்றாவது மாதம் மங்கல் இன்னும் பெரிதாக இருந்தது. வெளியே வந்து செருப்பை மாட்டும்போது அவர் சொன்னார், ஒவ்வொரு வார்த்தையையும் தூக்கிவைப்பவர் போல.

"டாக்டரம்மா, இன்னிக்கு... வரலை. க-னு போட்டீங்க. கதவு. கண்ணாடி. அப்புறம் ஒண்ணுமே... இல்ல. இருட்டா இருந்துச்சு."

"ஆறு வருஷமா அதே எழுத்தைக் கேட்டா யாருக்குத்தான் அலுக்காது? அடுத்த மாசம் ச-வுக்கு மாத்தச் சொல்றேண்ணே" என்றேன்.

அடுத்த மாதம் ச-வுக்கு மாற்றினோம். அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அது நடந்து இரண்டு வாரம் கழித்து, பட்டப்பகலில், மூன்று மாணவர்களை ஏற்றிக்கொண்டு போகும்போது லிஃப்டிலேயே விழுந்தார், வலிப்பில் கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். நான் படியேறி ஓடினேன். மூன்றாவது மாடியில் கதவு திறந்து கிடந்தது. ஸ்டூல் கவிழ்ந்திருந்தது. பொத்தான்களுக்கு மேலே அந்தச் சிவப்புப் படம். ஆறு வருடத்தில் முதல் தடவையாக அந்தத் தலை ஆடுவதைப் பார்த்தேன்.

எதிர்ச்சாரியில் இருந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கே சாதாரண ஸ்கேன் ஒன்றை ஐந்தே நிமிடத்தில் எடுத்தார்கள். இடது பக்கம், நெற்றிப்பொட்டுக்குப் பின்னால், எலுமிச்சம்பழம் அளவு கட்டி. டாக்டர் வராந்தாவில் நின்று அவர் மனைவியிடம் கேட்டார், "முன்னாடி எப்பவாவது தலைக்கு ஸ்கேன் எடுத்திருக்கீங்களா?"

"மாசா மாசம் எடுத்தாங்களே" என்றாள் அவள்.

பதற்றத்தில் ஏதோ உளறுகிறாள் என்று நினைத்தார் போலிருக்கிறது, பேச்சை மாற்றிவிட்டார். நான் நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன், என் வெள்ளைக் கோட்டோடு. வாயைத் திறக்கவில்லை. முழுப் பேடி நான் என்று எனக்குத் தெரிந்தது அந்த வராந்தாவில்தான்.

அறுவை செய்தார்கள். கட்டியை முழுசாக எடுக்க முடியவில்லை. வலது கை போயிற்று, பேச்சும் போயிற்று. "ஆமா" என்ற ஒரே சொல் மட்டும் மிஞ்சியது. வலிக்கிறதா என்றால் ஆமா. வலிக்கவில்லையா என்றாலும் ஆமா. ஒரு வருடம் தாண்டினால் பெரிய விஷயம் என்றார் டாக்டர். நாலு மாதம் முன்பே தெரிந்திருந்தால் பேச்சையாவது காப்பாற்றியிருக்கலாமோ என்று நான் தனியாகப் போய்க் கேட்டேன். "சொல்ல முடியாது. ஆனா முயற்சி பண்ணியிருக்கலாம்" என்றார். அந்தப் பதிலைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

மூன்று மாதம் கழித்துப் பேராசிரியர் என்னை மேலே கூப்பிட்டார். மேசையில் லிஃப்ட்காரர் படங்கள் வரிசையாக.

"எழுபத்தாறு தடவை எடுத்திருக்கோம். நல்லா இருந்தப்போ எடுத்தது, கட்டி வளர்றப்போ எடுத்தது, எல்லாம் ஒரே தலை, ஒரே மெஷின். பேச்சு போனப்புறம் ஒரு தடவை எடுத்துட்டா முழுசாயிடும். இப்படி ஒண்ணு யார்கிட்டயும் இருக்காதும்மா. நம்ம கண்ணு முன்னாடியே வளர்ந்திருக்கு."

"ஆமா சார். நம்ம கண்ணு முன்னாடிதான் வளர்ந்திருக்கு" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மோசமான ஆள் இல்லை அவர். ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிக்கொண்டு போனவர், படுக்கைப் பக்கத்தில் நின்று கண் கலங்கியவர். "நான் மட்டும் என்ன வேணும்னா செஞ்சேன்? மூணாவது பக்கத்துல தெளிவா எழுதித்தானே கையெழுத்து வாங்கினோம்" என்றார்.

"அவங்க வீட்டம்மாகிட்ட சொல்லிடுவோம் சார். நாலு மாசமா படத்துல தெரிஞ்சுது, நாமதான் மெஷின் கோளாறுன்னு நினைச்சோம்னு."

"இப்ப சொல்லி என்ன ஆகப்போகுது? போன பேச்சு திரும்ப வருமா? இருக்கற நிம்மதியும் போயிடும். கேட்டாங்கன்னா, நடுவுல எடுத்ததெல்லாம் தெளிவா இல்லைன்னு சொல்லு. அதுவும் உண்மைதானே?"

இன்னொரு தடவை படம் எடுக்க வேண்டும் என்றதும் லிஃப்ட்காரர் மனைவி உடனே சம்மதித்தாள். "இந்தக் கட்டடம்னு சொன்னாலே அவர் முகம் மலருதும்மா. கூட்டிட்டு வரேன்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தாள். லிஃப்டில் இப்போது ஆள் கிடையாது, ஏறுகிறவர்களே அழுத்திக்கொள்ள வேண்டும். அந்தப் படத்தையும் கிழித்துவிட்டார்கள், பசை ஒட்டிய நாலு மூலை மட்டும் மிச்சம். அவர் அதைப் பார்த்தார். பிறகு இடது கையை நீட்டி, தேடாமல், தடுமாறாமல், அடித்தளத்துப் பொத்தானை அழுத்தினார். என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை ஏந்த எனக்கு முகமில்லை.

அறுவையில் மண்டைக்குள் போட்ட உலோகக் கிளிப்புகளைக் காந்தம் ஒன்றும் செய்யாது என்று டாக்டர் கொடுத்த கடிதத்தைச் சரிபார்த்தேன். கூண்டை மாட்டினேன். வெட்டிய இடத்தில் முடி இன்னும் சரியாக முளைக்கவில்லை. "அண்ணே, பயம் இல்லையே?" என்றேன். "ஆமா" என்றார். உள்ளே தள்ளினேன்.

மனைவியை என் அறையில் என் பக்கத்தில் உட்காரவைத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவருடைய கால்கள். திரையில் க என்ற எழுத்து வந்து வந்து போயிற்று. அசைவுக் கோடு நேராகப் போனது. எழுதினாற்போல் நேர்கோடு. சிவப்பு எங்கேயும் வரவில்லை. அதன் பிறகு முழுப் படத்தைப் போட்டேன், ஆறு வருடமாக மிச்சம் பிடித்த அந்த ஒன்பது நிமிடத்தை. தலை ஒவ்வொரு வரியாகத் திரையில் இறங்கியது. இடது பக்கம் ஒரு கறுப்புப் பள்ளம், அதன் ஓரத்தில் மறுபடியும் முளைக்கிற வெள்ளை.

"இதுவா அது?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா."

"முன்னாடி எப்படி இருந்துச்சு? லிஃப்டுல ஒட்டியிருந்தாரே, செவப்பா."

முதல் வருடத்துப் படத்தைப் பக்கத்தில் போட்டேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்த வாயாலதான் எங்கிட்ட வாழ்நாள் பூரா திட்டு வாங்கினாரு" என்று சொல்லிச் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். அப்புறம், "நடுவுல எடுத்ததெல்லாம்?" என்றாள்.

பேராசிரியர் சொல்லிக்கொடுத்த வாக்கியம் என் நாக்கு நுனியில் இருந்தது. தெளிவா இல்லைக்கா என்று சொன்னால் போதும், எழுந்து போயிருப்பாள், கும்பிட்டுவிட்டே போயிருப்பாள். என் விசைப்பலகைக்குப் பக்கத்தில் அவள் கை இருந்தது, அந்தத் தழும்புகளோடு. நான் நாலு மாதத்துப் படங்களையும் வரிசையாகத் திறந்தேன். சொல்லித்தர வேண்டிய அவசியமே இருக்கவில்லை. துணியில் கறை பார்த்துப் பழகிய கண். விரலை வைத்தாள், முதல் படத்தில், இரண்டாவதில், மூன்றாவதில், நாலாவதில்.

"இது பெருசாயிக்கிட்டே வருதே."

"ஆமாக்கா."

"இந்த ரெண்டாவது, எங்கிட்ட துணி வாங்க வந்தீங்களே, அதுக்கு முன்னாடியா பின்னாடியா?"

"முன்னாடி."

"பாத்தீங்களா இதை?"

"பாத்தேன்க்கா. மெஷின் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன். அவர் தலையில இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல. சத்தியமா தோணல." பதிவேட்டை இழுத்து அவள் முன்னால் வைத்தேன். என் கையெழுத்து. தலைக்கூண்டில் கோளாறு. கேபிளில் கோளாறு. ஆள் அசையவில்லை, ஆள் அசையவில்லை, ஆள் அசையவில்லை. அழக்கூடாது என்றுதான் இருந்தேன். முடியவில்லை. "நான் தப்புப் பண்ணிட்டேன்க்கா. அன்னிக்கு நீங்க கேட்டப்பவாவது டாக்டர்கிட்ட போங்கன்னு சொல்லியிருக்கணும்."

அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். கன்னத்தில் ஓர் அறை விட்டிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் பதிவேட்டின் மேல் விரலை ஓட்டி மெதுவாக எழுத்துக்கூட்டிப் படித்தாள். தேதிகளில் நின்று நின்று போனாள்.

"மெஷின் கெட்டுப்போச்சுன்னு எழுதியிருக்கீங்க. அதைப் பாக்க ஆள் எப்ப வந்தாங்க?"

"மறுநாள்."

"ரெண்டாவது தடவை?"

"அதுவும் மறுநாள்தான்க்கா."

தலையை மெல்ல ஆட்டினாள். பதிவேட்டை மூடி, விளிம்பு மேசையோடு நேராக இருக்கும்படி தள்ளிவைத்தாள், இஸ்திரி போட்ட துணியை அடுக்குகிறவள் போல. எழுந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த கால்களைப் பார்த்தாள்.

"சரி. அவரை வெளிய எடுங்க. ரொம்ப நேரமா ஆடாம கெடக்காரு."